கழுவாமல் சுத்தமான கேன்

அத்தியாயம் 6

ஆம்பூரில் பிறந்தவனுக்குச் செருப்பு பிய்ந்து போவதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. ஊரே உலகத்துக்கு ஷூ தைத்து அனுப்புகிறது. ஆபித் பாஷாவின் இடது செருப்போ மாதனூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அடி பிரிந்து வாயைப் பிளந்துவிட்டது. நடக்க நடக்கச் ‘சப் சப்’ என்று சத்தம் போட்டது.

“யாரோ கைதட்டிக்கிட்டே கூட வர்ற மாதிரி இருக்கு,” என்றாள் சோபனா.

“எனக்குக் கைதட்ட இந்த ஜில்லாவுல வேற யாரு இருக்காங்க மேடம்?”

அவள் சிரிக்கவில்லை. சோபனா கெமிஸ்ட்ரி படித்தவள். பாகாயத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருப்பவள். ஒரு நாளைக்கு நாற்பது வார்த்தைக்கு மேல் பேசினால் யாரோ அபராதம் போடுவார்கள் என்பது போல நடந்துகொள்வாள். மிச்ச வார்த்தைகளையெல்லாம் பேசுவதற்குத்தான் தனக்குச் சம்பளம் என்று ஆபித் நினைத்துக்கொள்வான்.

விஷயம் இதுதான். நேற்றுக் காலை எட்டு மணிக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியிலிருந்து வெள்ளைக் கார் ஒன்று சென்னைக்குக் கிளம்பியது. உள்ளே சாம்பிள் ஷூக்கள். மதியம் ஒரு மணிக்குள் ஜெர்மன் கம்பெனியின் சென்னை ஆபீஸில் அவை இருக்க வேண்டும். கார் மாதனூர் தாண்டவில்லை. டீசல் டேங்கில் பெட்ரோல்.

ஜெர்மன்காரர்கள் கோபப்படவில்லை. அதைவிட மோசமாக ஒரு மெயில் அனுப்பினார்கள். நடந்தது உண்மையிலேயே டிரைவரின் தவறுதான் என்று கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் விசாரித்து எழுதித் தரட்டும்; சாம்பிளுக்கு ஒரு வாரம் அவகாசம் தருகிறோம். அந்த ரிப்போர்ட் இன்று மாலை நாலு மணிக்குள் வராவிட்டால் ஆர்டர் வேறு கம்பெனிக்கு.

முதலாளி அப்துல் கஃபார் உடனே சம்பந்தமில்லாத ஒருவரைத் தேடினார். இருப்பதிலேயே மலிவான ஆளாகத் தேடினார். காலை ஏழரைக்கு சோபனாவின் போன் அடித்தது.

“டிரைவர் தப்பு பண்ணிட்டான்மா. அதை எழுதிக் குடுத்துட்டா போதும். ஒரு பக்கம் போதும்.”

“விசாரிச்சிட்டு எழுதறேன்,” என்றாள் சோபனா.

“விசாரிக்க இன்னா இருக்கு?” என்று அந்தப் பக்கம் உண்மையாகவே ஆச்சரியப்பட்டது.

குர்ஷித்தின் மெக்கானிக் ஷெட் நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. கார் பானெட்டைத் திறந்துகொண்டு, ஆஸ்பத்திரியில் நாக்கை நீட்டச் சொன்ன நோயாளி மாதிரி நின்றது. அதன் பக்கத்தில் டிரைவர் தேவசகாயம். ஐம்பத்து நாலு வயது. வெள்ளைச் சட்டையில் மடிப்பு கலையவில்லை. நேற்று முழுக்க வண்டியோடு நின்றவர் இன்றும் வந்து நின்றுகொண்டிருந்தார். வேலையை விட்டு நிறுத்தியாயிற்று. போலீஸ் புகாரும் டைப் அடித்தாயிற்று. போட்டிக் கம்பெனியிடம் காசு வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே செய்தார் என்று அதில் இருப்பதாக ஆபீஸ் பெண் ஒருத்தி அவரிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தாள். இன்னும் தேதி மட்டும் போடவில்லை. சோபனாவின் ரிப்போர்ட் வந்ததும் போடுவார்கள்.

“இருபத்திரண்டு வருஷம் மேடம்,” என்றார் தேவசகாயம். “ஒரு நாள் மாத்திப் போட்டதில்ல. அந்தக் கேஸ் போலீசுக்குப் போச்சுன்னா வாணியம்பாடிலேர்ந்து ராணிப்பேட்டை வரைக்கும் ஒருத்தனும் சாவியைக் கையில குடுக்க மாட்டான். இப்பவே கம்பெனியில பெட்ரோல் சகாயம்னு பேர் வெச்சிட்டாங்க.”

“பேர் வைக்கிறதுல மட்டும் எங்க ஊர்க்காரங்க லேட் பண்ண மாட்டாங்க,” என்றான் ஆபித்.

“டீசல் எப்ப போட்டீங்க?” என்று கேட்டாள் சோபனா.

“அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. பாதி டேங்க் இருந்துச்சு. அதனால நேத்து பங்க் பக்கமே போகலை. முந்தின நாள் சாயந்திரம் ஆறு மணிக்கு வண்டியைப் போர்ட்டிகோவுல விட்டேன், சாவியை மாடி ஆபீஸ் பலகையில மாட்டினேன், வீட்டுக்குப் போய்ட்டேன். காலையில எடுத்தேன்.”

“நான் பங்க்குக்குப் போகலைன்னு எல்லா டிரைவரும்தான் சொல்லுவான்,” என்று குர்ஷித் வண்டிக்கு அடியிலிருந்து குரல் கொடுத்துவிட்டு, முதுகைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தார். “ஆனா ஒரு பேஜார் இருக்கு தம்பி. இத்தப் பாரு.”

டேங்கிலிருந்து இறக்கியதை ஒரு பெரிய கேனில் பிடித்து வைத்திருந்தார். ஸ்பேர் பார்ட்ஸ் கழுவ உதவும் அல்லவா. அதற்குப் பக்கத்தில் ஒரு தட்டில் டீசல் ஃபில்டர் கிடந்தது. அதன் மேல் பழுப்பாக, ஜவ்வாக ஏதோ அப்பியிருந்தது.

“டீசல் வண்டியில பெட்ரோல் கலந்தா இருமும், முக்கும், இழுத்துக்கிட்டே கொஞ்ச தூரம் போகும். இது மூக்கைப் பிடிச்ச மாதிரி டக்குனு நின்னுருக்கு. ஃபில்டர் மொத்தமா அடைச்சுப் போச்சு. முப்பது வருஷத்துல இப்பிடி ஒரு ஜவ்வை நான் பார்த்ததில்ல. பங்க்ல இன்னா கருமத்தைக் கலக்குறானுங்களோ.”

சோபனா அதில் ஒரு துளியைக் கிள்ளி எடுத்தாள். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டிப் பிரித்தாள். நடுவில் நூல் நூலாக வந்தது. மறுபடி ஒட்டிப் பிரித்தாள்.

“ஆபித், செருப்பைக் கழட்டு.”

“இன்னா மேடம்?”

“இடது செருப்பு.”

கழற்றிக் கொடுத்தான். இந்த அம்மாவிடம் காரணம் கேட்டுக் கிடைத்ததில்லை. அவள் ஒரு குச்சியால் அந்த ஜவ்வைச் செருப்பின் பிளந்த வாய்க்குள் தடவினாள். வெயிலில் காயவைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பக்கத்தையும் அழுத்தி, மேலே ஒரு பழைய பேட்டரியைத் தூக்கி வைத்தாள்.

“பத்து நிமிஷம் இருக்கட்டும்.”

ஒற்றைக் காலில் நிற்க முடியாமல் ஆபித் பக்கத்தில் இருந்த அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்தான். பெட்டியின் தலையில் டீ கிளாஸ் வைத்த வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. ஓரத்தில் கிரீஸ் துணி.

“தம்பி, அதுமேல உட்காராதீங்க,” என்றார் தேவசகாயம் பதறிப்போய். “கம்பெனி சாம்பிள் பெட்டி.”

ஆபித் எழுந்துகொண்டான். சோபனா திரும்பிப் பார்த்தாள்.

“நேத்து சென்னைக்குப் போக வேண்டிய பெட்டியா?”

“ஆமா மேடம். வண்டி நின்னதும் சின்ன முதலாளிக்கு போன் பண்ணினேன். எட்டரை மணி இருக்கும். நான் பஸ்ஸு புடிச்சு பெட்டியைக் கொண்டுபோய்க் குடுத்திடறேன்னு சொன்னேன். பெட்டியைத் தொடாத, வண்டிகிட்டயே நில்லு, ஆள் அனுப்பறேன்னாரு.”

“அனுப்பினாரா?”

“பதினோரு மணிக்கு வண்டியை இழுக்க ஆள் வந்துச்சு.”

“பெட்டிக்கு?”

தேவசகாயம் யோசித்தார். “பெட்டிக்கு ஆள் வரலை மேடம்.”

“இன்னிக்கு?”

“இன்னிக்கும் வரலை.”

“நான் டீ கிளாஸ் வெச்சதுக்குக் கோச்சிக்காதீங்க,” என்றார் குர்ஷித். “கேக்க ஆள் இல்லன்னு வெச்சேன்.”

சோபனா பேட்டரியைத் தூக்கிவிட்டு, செருப்பை எடுத்து இரண்டு கையாலும் பிரிக்கப் பார்த்தாள். பிரியவில்லை. ஆபித்திடம் நீட்டினாள். போட்டுக்கொண்டு நாலு அடி நடந்தான். கைதட்டல் நின்றுபோயிருந்தது.

“மேடம்! இது சொல்யூஷன்!”

ரப்பர் சொல்யூஷன். ஷூ கம்பெனிகளில் மேல்தோலை மடித்து ஒட்டத் தடவுகிற பசை. ஆம்பூரில் அந்த வாசனை படாத தெருவே இல்லை.

“பங்க் பெட்ரோல்ல சொல்யூஷன் வராது,” என்றாள் சோபனா. “அந்தப் பெட்டியைத் தூக்கிக்கோ. கம்பெனிக்குப் போகலாம். நீங்களும் வாங்கண்ணே.”

அண்ணே என்று யாரோ கூப்பிட்டுக் கொஞ்ச நாளாகியிருக்க வேண்டும். தேவசகாயம் மறுபேச்சில்லாமல் ஆட்டோ பிடிக்கப் போனார்.

கம்பெனி வரவேற்பறையில் அவர்களை உட்கார வைத்தார்கள். தானாக ஒரு மணி நேரம் ஓடியது. சின்ன முதலாளி தானிஷ் மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னார்கள். கண்ணாடி வழியே பார்த்தால் அவன் மாடியில் தனியாக உட்கார்ந்து மொபைலில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். லண்டனில் போய் மேனேஜ்மென்ட் படித்துவிட்டு வந்தவன். மேஜையின் மேல் அவன் பெயருக்குக் கீழே ‘ஆப்பரேஷன்ஸ் ஹெட்’ என்று பித்தளையில் போட்டிருந்தது. கீழே விழுந்த பேனாவை எடுக்க மணியடித்து ஆளைக் கூப்பிடுகிறவன் என்று ஊரில் சொல்வார்கள். அதைக் கட்டுக்கதை என்று ஆபித் நினைத்திருந்தான். இப்போது அவன் கண் முன்னாலேயே மணி அடித்தது. ஒரு ஆள் ஓடினார். ஏசியின் ரிமோட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தார். ரிமோட் மேஜையிலேயேதான் இருந்தது.

“இவனுக்குப் பசிச்சா மெல்லறதுக்கும் ஆள் இருக்கும் மேடம்,” என்றான் ஆபித்.

“வா, கீழ சுத்திப் பார்ப்போம்.”

பேஸ்டிங் செக்‌ஷன் கட்டடத்தின் பின்கோடியில் இருந்தது. நீளமான மேஜைகள். இரண்டு பக்கமும் பெண்கள். ஒவ்வொருத்தி முன்னாலும் ஒரு கிண்ணம் சொல்யூஷன், ஒரு பிரஷ். செக்‌ஷனைப் பார்த்துக்கொள்கிறவள் அம்பிகா. தலையில் கர்ச்சீப் கட்டியிருந்தாள்; விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து பொடிந்துகொண்டிருந்தது.

“அக்கா, இங்க சொல்யூஷன் கேன் ஏதாவது காணாமப் போச்சா?” என்று ஆபித் நேராகக் கேட்டான்.

“காணாமப் போனா பரவாயில்லயே. போனது திரும்பி வந்திச்சே, அதான் அதிசயம்,” என்றாள் அம்பிகா. “நேத்து காலையில ஷிப்டுக்கு வந்தா ஒரு கேன் இல்ல. ஒன்பது மணிக்கு வாட்ச்மேன் கொண்டாந்து குடுக்கறான், போர்ட்டிகோ ஓரமாக் கெடந்துச்சாம். உள்ள எட்டிப் பார்க்கறேன், கழுவி வெச்ச மாதிரி பளபளங்குது! எட்டு வருஷமா அதைச் சுரண்ட முடியாம நாங்க விட்டு வெச்சிருந்தோம். எந்த மகராசன் கழுவிக் குடுத்தானோ, நல்லா இருக்கட்டும்.”

கேனைக் கொண்டுவந்து காட்டினாள். பத்து லிட்டர் தகரக் கேன். வெளியே மரப்பட்டை மாதிரி பசை காய்ந்து பாளம் பாளமாக இருந்தது. உள்ளே மட்டும் புதுத் தகரம்.

ஆபித் சோபனாவின் காதோரம் போய், “மேடம், கேஸ் முடிஞ்சுது. கேன் இங்க, பெட்ரோல் இங்க, அதோ பாருங்க மூலையில டிரம். இந்த செக்‌ஷன்லதான் எவளோ காசு வாங்கிட்டு ஊத்தியிருக்கா,” என்றான். காதோரம் சொல்வதாக அவன் நினைத்துக்கொண்டது மேஜைக்கு மேஜை கேட்டது.

பிரஷ்கள் நின்றன.

“டேய் தம்பி,” என்றாள் அம்பிகா. “எங்களை இன்னா மாங்கான்னு நெனச்சியா? சொல்யூஷன் கெட்டியாப் போனா அதுல பெட்ரோல் ஊத்தித்தான்டா நாங்க தளர்த்துவோம். இந்தக் கேன்ல பெட்ரோல் புடிச்சா உள்ள காஞ்சு கெடக்கறதெல்லாம் கரைஞ்சு வரும்னு நேத்து சேர்ந்த பொண்ணுக்குக்கூடத் தெரியும். வண்டியைக் கெடுக்கணும்னா நாங்க நல்ல கேனா எடுக்க மாட்டோம்?”

மேஜை முழுக்கச் சிரிப்பு. ஆபித்தின் காது சிவந்தது.

சோபனா சிரிக்காமல் கேட்டாள். “வாட்ச்மேனுக்குத் தெரியுமா?”

“அவன் மொதல்ல இங்கதான் வேலை செஞ்சான்.”

“சகாயம் அண்ணனுக்கு?”

“இருபத்திரண்டு வருஷமா எங்களுக்கு பெட்ரோல் டிரம் ஏத்தியாந்து எறக்கறதே அவருதான்.”

“டிரம் சாவி யார்கிட்ட இருக்கும்?”

“ஷிப்ட் முடிஞ்சா மாடி ஆபீஸ்ல.”

“அப்ப இந்தக் கம்பெனியில இந்தச் சின்ன விஷயம் தெரியாத ஆள் யாரு?”

அம்பிகா மாடியில் இருந்த கண்ணாடி அறையை ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள்.

மூன்று மணிக்கு மேல்தான் மாடியில் தானிஷின் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்கள். அப்துல் கஃபார் பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தாடி, வெள்ளைத் தொப்பி, எதையும் வீணாக்காத கண்கள். அவர் பக்கத்தில் தானிஷ். கால் மேல் கால். மொபைலை மட்டும் கவிழ்த்து வைத்திருந்தான், மரியாதைக்கு.

“ஒரு பக்க ரிப்போர்ட்டுக்கு இவ்ளோ நேரமா?” என்றான் தானிஷ். கதவோரம் நின்ற தேவசகாயத்தைப் பார்த்தான். “நீ இன்னாத்துக்கு உள்ள வந்தே? வெளிய நில்லு.”

“அவர் இருக்கட்டும்,” என்றாள் சோபனா.

“அவன் இருந்தா எப்பிடிங்க? அவனைப் பத்தின ரிப்போர்ட்.”

“அதனாலதான்.”

கஃபார் கையை அசைத்தார். “இருக்கட்டும் பேட்டா. சொல்லும்மா.”

“நேத்து வண்டியில எத்தனை சாம்பிள் போச்சுங்க?”

“ஆறு. சாம்பிள்னா ஒத்தைக் கால்தான் போகும், ஜோடி போகாது. ஆறு ஒத்தை ஷூ. புது மாடல்.” அவர் குரலில் பெருமை வந்தது. “மூணு வாரம் என் புள்ளை கூடவே இருந்து செய்ய வெச்சான்.”

“இப்ப அது எங்க இருக்கு?”

கஃபார் மகனைப் பார்த்தார். இவர் இதைக் கேட்கவே மறந்துபோயிருந்தது முகத்தில் தெரிந்தது.

“எங்க இருக்கும்?” என்றான் தானிஷ். “நேத்தே எடுத்தாரச் சொல்லி வீட்டுல என் ரூம்ல பத்திரமா வெச்சிருக்கேன். பூட்டி.”

சோபனா ஆபித்தைப் பார்த்தாள். அவன் வெளியே போய், இவ்வளவு நேரம் வரவேற்பறையில் காலடியில் கிடந்த பெட்டியைத் தூக்கிவந்து, கண்ணாடி மேஜையின் நடுவில் தொப்பென்று வைத்தான். டீ வட்டங்கள் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தான்.

“பத்திரமாத்தான் இருந்துச்சு பாய்,” என்றான் கஃபாரைப் பார்த்து. “மெக்கானிக் ஷெட்ல. நேத்துலேர்ந்து டீ குடிக்க வசதியா இருந்துச்சாம்.”

தானிஷ் கால் மேல் போட்டிருந்த காலை இறக்கினான்.

“நாலு காரும் பத்துப் பன்னெண்டு பைக்கும் இருக்கற கம்பெனி,” என்றாள் சோபனா. இன்றைய நாற்பது வார்த்தைக் கணக்கு எப்போதோ தாண்டியிருந்தது. “மாதனூர் பதினஞ்சு நிமிஷம். எட்டரைக்கு போன் வருது. யாராவது ஒருத்தர் பைக்ல போய்ப் பெட்டியை எடுத்திருந்தா ஒரு மணிக்குச் சென்னையில இருக்கும். வண்டிக்கு ஆள் போச்சு. பெட்டிக்குப் போகலை. இன்னிவரைக்கும் போகலை. ஒரு மனுசனை ஜெயிலுக்கு அனுப்பற அளவுக்கு முக்கியமான பெட்டியை எப்பிடிங்க மறக்க முடியும்?”

“டென்ஷன்ல…” என்று தொடங்கினான் தானிஷ்.

“உள்ள ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சவனாலதான் மறக்க முடியும்.”

கஃபார் பேப்பர் வெட்டும் கத்தியை எடுத்தார். டேப்பை அவரே கீறினார். மூடியைத் திறந்தார்.

உள்ளே ஆறு கால்கள் இருந்தன. ஷூ இல்லாத கால்கள். தோலை மேலே இழுத்துத் தைக்கிற பச்சை பிளாஸ்டிக் அச்சுகள், லாஸ்ட் என்பார்கள். கனத்துக்காக வைத்தது. ஆடாமலிருக்கப் பழைய செய்தித்தாளைச் சுருட்டிச் செருகியிருந்தது. அதில் மட்டும் நல்ல வேலைப்பாடு.

“ரெடி ரெடின்னு மூணு வாரமா சொன்னியேடா,” என்றார் கஃபார் மெதுவாக.

“அந்தக் கலர் லெதர் லேட்டாப் போச்சு அப்பா. ரெண்டு நாள் கம்மியாச்சு, அவ்ளோதான். ஒரு வாரம் கெடைச்சா…”

“ஏலகிரியில தோஸ்துங்களோட கலர் தேடிட்டு இருந்திருப்பாரு பாய்,” என்றான் ஆபித். அது குருட்டாம்போக்கில் எறிந்த கல். தானிஷ் திடுக்கிட்டுத் திரும்பியதைப் பார்த்ததும் ஆபித்துக்கே ஆச்சரியமாகிவிட்டது.

“ஒரு வாரம் வாங்க ஒரு காரணம் வேணும்,” என்றாள் சோபனா. “கம்பெனி தப்புன்னா தர மாட்டாங்க. டிரைவர் தப்புன்னா தருவாங்க. பிறந்ததிலேர்ந்து கையால ஒரு வேலையும் செய்யாதவர், முந்தாநாள் சாயந்திரம் முதல்தடவையா ஒரு வேலை செஞ்சிருக்கார். கேன் எடுத்து, டிரம்முல பெட்ரோல் புடிச்சு, இருட்டற வரைக்கும் வெச்சிருந்து டேங்க்ல ஊத்தியிருக்கார். அதையும் சரியாச் செய்யலை. சொல்யூஷன் கேனுக்குள்ள பெட்ரோல் புடிச்சா என்ன ஆகும்னு கீழ இருக்கற எல்லாருக்கும் தெரியும். ஒருத்தருக்குத்தான் தெரியலை.”

தேவசகாயம் தானிஷைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தார். நேற்று மூன்று மணி நேரம் வெயிலில், ஒரு லாரி உரசிவிடக் கூடாதே என்று தன் முதுகைக் கொடுத்துக் காவல் காத்த பெட்டி.

இப்போது அடி விழும் என்று ஆபித் காத்திருந்தான். தகப்பன் எழுந்து மகனை ஒரு அறை விடுவார். அல்லது தேவசகாயத்தின் கையைப் பிடித்துக்கொள்வார். கஃபார் எழுந்தார். பெட்டியை மூடினார். கிழிந்த டேப்பை இழுத்து ஒட்டினார். விரலால் நீவிவிட்டார்.

“நல்லாக் கண்டுபுடிச்சே பேட்டி,” என்றார் சோபனாவிடம், மகளைக் கூப்பிடுவது போல. “இது வீட்டு விஷயம். இந்த ரூம்லயே இருக்கட்டும். ரிப்போர்ட்ல சகாயம் பேரே இருக்கட்டும்.”

“பாய்!” என்றான் ஆபித்.

“கேஸ் வேணாம். கிழிச்சுப் போட்டுடறேன். அவனை கேட்ல வாட்ச்மேனா வெச்சுக்கறேன். சம்பளம் அதேதான். வண்டிதான் குடுக்க முடியாது, பேர் கெட்டுப் போச்சுல்ல.” பேர் தானாகக் கெட்டுப்போனது போலச் சொன்னார். “இந்த ஆர்டர்ல எண்ணூறு பேர் சோறு இருக்கும்மா. நீயும் யோசி.”

ஆபித்துக்கு அவனையறியாமல் கீழே இருக்கும் நீளமான மேஜைகள் ஞாபகம் வந்தன. இந்த மனிதர் கெட்டிக்காரர். மகன் மாதிரி மொக்கை இல்லை. அதனால் இன்னும் மோசம்.

சோபனா பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். பேஸ்டிங் செக்‌ஷனிலிருந்து திரும்பி வந்து வரவேற்பறையில் காத்திருந்தபோது எழுதியது.

“ஒரு பக்கம் கேட்டீங்க. மூணு வரிதான் வந்திச்சு.” படித்தாள். “டீசல் டேங்கில் பெட்ரோல் ஊற்றப்பட்டது. ஊற்றியவர் டிரைவர் தேவசகாயம் அல்ல. ஊற்றியவருக்குத் தொழில் தெரியாது.”

“இத அனுப்பினா ஆர்டர் போய்டும்!” என்று கத்தினான் தானிஷ்.

“யாருன்னு நான் எழுதலை,” என்றாள் அவள் கஃபாரிடம். “அதை நீங்க சொல்லுங்க. சாம்பிள் ரெடியாகலை, ஒரு வாரம் வேணும்னு உண்மையைச் சொல்லிக் கேளுங்க. எண்ணூறு பேர் சோறு முந்தாநாள் உங்க புள்ளைக்கு ஞாபகம் வரலை. இப்ப உங்களுக்காவது வரட்டும். ஆபித்?”

ஆபித் மொபைலைத் தூக்கிக் காட்டினான். “நீங்க படிக்கும்போதே ஜெர்மன் கம்பெனிக்குப் போய்டுச்சு மேடம். அந்தத் தாளோட போட்டோ. அவங்க பார்த்துட்டாங்க.”

கஃபார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று முப்பத்தைந்து. அவர் அவமானப்பட்டாரா, கணக்குப் போட்டாரா என்று ஆபித்தால் சொல்ல முடியவில்லை. அந்த முகத்தில் இரண்டுக்கும் ஒரே சுருக்கம்தான்.

“போன் வேணாம். சென்னைக்கு நேர்ல போறோம்,” என்றார் மகனிடம். “நீயும் வர்றே. உன் வாயாலயே சொல்றே.” கதவுப் பக்கம் திரும்பினார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். “சகாயம், இன்னொரு வண்டியை எடு.”

தேவசகாயம் நகரவில்லை.

“அந்த டைப் அடிச்ச காகிதம் எங்க இருக்குங்க?” என்று கேட்டார்.

கஃபார் மேஜை டிராயரைத் திறந்து புகாரை எடுத்து நீட்டினார். தேவசகாயம் அதை வாங்கி முழுசாகப் படித்தார். நாலாக, எட்டாகக் கிழித்தார். தரையில் போடாமல், நடந்துபோய்க் குப்பைக் கூடையில் போட்டார். பிறகு சோபனாவிடம், “அந்த மூணு வரியில எனக்கு ஒரு காப்பி குடுங்கம்மா,” என்றார். அவள் கையில் இருந்ததையே கொடுத்தாள். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சுவர்ப் பலகையிலிருந்து அந்த இன்னொரு வண்டியின் சாவியை எடுத்தார். தானிஷின் முன்னால், அந்தப் பித்தளைப் பெயரின் மேலேயே வைத்தார்.

“நீங்களே ஓட்டிட்டுப் போங்க தம்பி,” என்றார். “அதுவும் டீசல்தான்.”

அவர்கள் கீழே இறங்கினார்கள். பேஸ்டிங் செக்‌ஷன் வாசலில் யாரோ ஒருவன் பழக்க தோஷத்தில், “இன்னா பெட்ரோல் சகாயம்!” என்று கூவினான். அம்பிகா அந்தப் பளபளக்கும் கேனைத் தூக்கி அவன் தலைக்கு நேராகக் காட்டினாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

“செருப்பு இன்னும் விடலை மேடம்,” என்றான் ஆபித். “முதலாளி புள்ளை செஞ்சதுலயே உருப்படியான வேலை இதுதான்.”

போர்ட்டிகோவில் அந்த இன்னொரு வெள்ளைக் கார் நின்றது. கஃபார் பழக்கப்படி பின்சீட்டில் ஏறிக்கொண்டார். தானிஷ் முன்னால் உட்கார்ந்து சீட்டை நகர்த்தும் பொத்தானைத் தேடினான். வைப்பர் ஓடியது. ஹாரன் அடித்தது. கார் கிளம்பி, கேட்டருகே ஒரு குதி குதித்து நின்றது. மறுபடி கிளம்பியது. மறுபடி நின்றது. வாட்ச்மேன் கேட்டைப் பிடித்துக்கொண்டு, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றான்.

“கிளட்ச்சை முழுசா மிதிக்கணும்,” என்றார் தேவசகாயம், காருக்குக் கேட்காத குரலில். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இருந்த இடத்தை விட்டு ஒரு அடி எடுத்து வைக்கவில்லை.